நாலு விரல் இடைவெளி

கலியாண வீட்டில் பெண்கள் பக்கத்துக்குள் ஸல்ஹா கமராவோடு நுழைந்தால், முதலில் குரல் கொடுப்பவர்கள் சின்னப் பெண்கள்தான்.

"நாலு விரல் ராத்தா வந்திட்டா! எல்லாரும் தலையச் சரியா வச்சிக்கோங்கடி!"

நாலு விரல் அக்கா என்ற அந்தப் பட்டம் அவளுக்குக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. குழுப்படம் எடுக்கும்போது அவள் வயதானவர்களைப் பின்னால் நிறுத்துவாள். கலியாணமாகாத பெண்களை முன்னால் பாயில், யன்னலைப் பார்க்க இருத்துவாள். பிறகு குனிந்து, ஒருத்தியின் தலைக்கும் அடுத்தவளின் தலைக்கும் நடுவில் தன் நாலு விரல்களை நிமிர்த்தி வைத்து அளப்பாள். இடம் காணாவிட்டால் நாடியைப் பிடித்து மெல்லத் தள்ளி வைப்பாள். ஆட்டுக்குட்டிகளை வரிசையில் கட்டுவது போல இருக்கிறது என்று பின்னால் நிற்கும் பெரியம்மாமார் சிரிப்பார்கள்.

இந்த வேலையை அவளுக்குப் பழக்கியவன் அவளுடைய புருஷன் அஸீம். "சிறுசுகள முன்னுக்கு வை. முகம் வெளிச்சத்துக்கு வரணும். தலைக்குத் தலை நாலு விரல் விடு, இல்லாட்டி ஒண்டின்ட நிழல் மற்றதில விழும்" என்று அவன் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் சுலபமாக வராத காலம். பிளாஷ் பல்ப் கிடைப்பது குதிரைக் கொம்பு. பிலிம் சுருள் கிடைத்தால் அதைக் குசினி அலுமாரியில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆகவே யன்னல் வெளிச்சம்தான் எல்லாம். அந்த வெளிச்சத்தில் முகங்கள் தெளிவாக, ஒன்றோடொன்று முட்டாமல் விழுவதைப் பார்க்க ஸல்ஹாவுக்கு ஒரு பெருமை இருந்தது. வெளியில் சொல்லிக்கொள்ளாத பெருமை.

அஸீம் தெருவில் தொடங்கியவன். துறைமுக வாசலில் கப்பல்காரரையும், கோணேசர் மலைக்குப் போகும் பாதையில் சனங்களையும் மறித்துப் படம் எடுத்து, துண்டுச்சீட்டுக் கொடுத்து, நாளைக்கு வந்து எடுங்கள் என்பான். பாதிப்பேர் வரமாட்டார்கள். பிறகுதான் உள்துறைமுக வீதியில் ஒரு சின்னக் கடையை எடுத்து ஸ்டூடியோ என்று பலகை போட்டான். அதற்குப் பிறகும், ஸல்ஹா கமராவைக் கையில் எடுத்த பிறகுதான் வேலை பெருகியது. முஸ்லிம் கலியாணங்களில் அதுவரை ஆண்கள் பக்கம் மட்டும்தான் படம். பெண்கள் இருக்கும் அறைக்குள் வேற்று ஆம்பிளை போக ஏலாது. மூதூர், தோப்பூர், கிண்ணியா என்று எங்கிருந்து கேட்டாலும் இந்த வேலைக்கு ஸல்ஹா ஒருத்திதான் இருந்தாள்.

அவள் அதிகம் கதைக்கிறவள் இல்லை. ஆனால் ஒவ்வொரு கலியாண வீட்டிலும், கமராவைப் பெட்டியிலிருந்து எடுக்க முன்னர், கதவைச் சாத்திவிட்டு ஒரு கதை சொல்வாள். அதுதான் அவள் வாழ்க்கையிலேயே சத்தமாகச் சொன்ன நீண்ட கதை.

"உங்கட முகத்த வேற ஆம்பிள ஒருத்தரும் காணமாட்டாங்க. படம் கழுவுறது எண்ட புருஷன் மட்டும். அதுவும் இருட்டறைக்குள்ள, சிவப்பு லைட்டில. படமும் நெகட்டிவும் பொண்ணுட உம்மாட கைக்கு நானே கொண்டந்து தருவன். அல்லாஹ் மேல ஆணை."

அதைக் கேட்ட பிறகுதான் முக்காடுகள் இறங்கும். நகைகள் வெளியே வரும். யாராவது ஒரு மாமி குரவை போட்டுத் தொடக்கி வைப்பாள்.

மூதூரில் அவளுடைய கூட்டாளி பரீனா இருந்தாள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பரீனாவுக்கு இன்னும் சம்பந்தம் சரிவரவில்லை. வாப்பா மௌத்தான வீடு, முன்னின்று பேச ஆம்பிளை இல்லை, அதுதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பரீனா படம் பிடிக்கப் பயந்தவள். மூதூரிலேயே மைமூனா என்ற பெண்ணின் கலியாணத்தில் முன்வரிசைக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"நான் ஒரு படத்திலயும் இல்லாமயே மௌத்தாப் போறன், விடுடி."

"ஏன், உண்ட முகத்தில என்ன கிடக்கு?"

"தூக்கின பல்லு கிடக்கு. அது காணாதா?"

"நான் எடுக்கிற படத்த யாரு பார்க்கப் போறா? மைமூனாவும் அவட உம்மாவும்தானே. வந்து இரு."

பரீனா வந்து இருந்தாள். வாயை இறுக்க மூடிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவளைப் போல. ஸல்ஹா கமராவுக்குள் குனிந்தபடியே "ஆடு" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். பள்ளிக்கூட மணிக்கயிற்றில் பரீனா ஆட்டைக் கட்டிவிட்டு ஓடியதும், ஆடு நடக்க நடக்க மணி அடித்து முழுப் பள்ளிக்கூடமும் வீட்டுக்குப் போனதும் பழைய கதை; ஆட்டைக் கட்டியது யார் என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பரீனா பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அந்தக் கணத்தில் ஸல்ஹா விசையை அழுத்தினாள்.

அந்தப் படம் அவள் எடுத்ததிலேயே நல்ல படம் என்று ஸல்ஹா நினைத்திருந்தாள்.

*

அடுத்த வருடம் ஸல்ஹாவின் தம்பி மஹ்ரூபுக்குத் துறைமுகத்தில் வேலை நிரந்தரமானது. உம்மா பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார், வந்து நில் என்று ஆள் அனுப்பினார். ஸல்ஹா காலை லாஞ்சில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போனாள்.

தரகர் முஹம்மது தம்பி அவளுக்கு முன்பே வந்து கதிரையில் இருந்தார். அறுபது வயது, கையில் தோல் பை, வாயில் வெற்றிலை. மூதூரிலிருந்து கிண்ணியா வரை அவர் காலடி படாத முற்றம் இல்லை.

"அட, ஸ்டூடியோக்காரட வீட்டுக்காரியும் வந்திட்டா. இனி எனக்கென்ன கவலை?" என்றார். "வாங்க மகள், இருங்க. உங்களுக்கு முன்னால இந்தச் சரக்குகளப் பிரிக்கத்தான் வெட்கமாக் கிடக்கு. உங்கட கடைச் சாமான உங்களுக்கே விக்கிற மாதிரி."

ஸல்ஹாவுக்கு விளங்கவில்லை. மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

அவர் பையிலிருந்து ஒரு கட்டுப் படங்களை எடுத்து உம்மாவின் முன்னால் பாயில் பரப்பினார். உள்ளங்கை அளவு படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் முகம். மஹ்ரூப் வெட்கத்தோடு தூணோரம் நின்று எட்டிப் பார்த்தான்.

"இது தோப்பூர்ப் புள்ள. நிறம் கொஞ்சம் குறைவு, ஆனா வயல் கிடக்கு. இது கிண்ணியா. இதுட வாப்பா தோணிக்காரர். இத விடுங்க, இது முடிஞ்சுது."

முதல் படத்தை ஸல்ஹா நிதானமாகத்தான் எடுத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தைத்தான் முதலில் கண்டாள். இடது கன்னத்தில் விழுந்து மூக்கோரம் மெல்ல இறங்கும் யன்னல் வெளிச்சம். எந்த யன்னல் என்றும் தெரிந்தது. கம்பி போட்ட, பச்சை வண்ணம் அடித்த யன்னல். அந்தப் பெண்ணின் தோளில் படத்தின் ஓரமாக ஒரு கை கிடந்தது. கண்ணாடிக் காப்புகள் போட்ட கை, மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருந்தது. அந்தக் கையின் சொந்தக்காரி பின்வரிசையில் நின்றாள் என்பதும் ஸல்ஹாவுக்குத் தெரியும். அவளைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு அழகாக இருக்கிறது, கிடக்கட்டும் என்று விட்டதும் ஞாபகம் வந்தது.

இரண்டாவது படம் எடுத்தாள். மூன்றாவது. எல்லா முகமும் அவள் நாடியைப் பிடித்துத் திருப்பிய முகம்.

நாலாவது படத்தில் பரீனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதக் கீழ போடுங்க மகள்" என்றார் முஹம்மது தம்பி. "அந்தப் புள்ளைய நான் காட்டாத வீடில்ல. எல்லாரும் ஒரே சொல்தான் சொல்றாங்க. முகம் பரவாயில்ல, பல்லு தூக்கல். ஒரு வீட்டில மாப்பிள்ளட தம்பிமார் கைமாத்திக் கைமாத்திப் பார்த்துச் சிரிச்சுத் துலைச்சிட்டானுகள். சிரிக்காம எடுத்திருந்தா எப்பிடியாவது ஒரு வீட்டில ஒப்பேத்தியிருப்பன்."

உம்மா படத்தை எட்டிப் பார்த்தார். "இது நம்மட பரீனா மாதிரிக் கிடக்கே?"

"பரீனாதான்" என்றாள் ஸல்ஹா.

"அவள் படம் தந்தவளா? நம்பேலாதே."

முஹம்மது தம்பி சிரித்தார். "எந்தப் புள்ள படம் தாறாள் தங்கச்சி? இதெல்லாம் அஸீம் தம்பிட கைவேலை. குழுப்படத்திலேருந்து ஒவ்வொண்டாப் பிரிச்சு எடுத்துத் தருவார். நல்ல கெட்டிக்காரன். நான் போற வீட்டில அவர்ட பேரச் சொல்றன், அவர் எனக்குப் படம் தாறார். ரெண்டு பேருக்கும் பிழைப்பு. மகளுக்குத் தெரியாததா?"

எல்லாரும் ஸல்ஹாவைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியாது என்று சொன்னால் புருஷன் அவளை ஏமாற்றினான் என்று ஆகும். தெரியும் என்றால் அவள் கள்ளி. பரீனாவின் படத்தை மட்டும் எடுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இத நான் கொண்டு போறன் மாமா."

"கொண்டு போங்க, கொண்டு போங்க. அது போகாத படம்தானே."

*

பின்னேர லாஞ்ச் முழுவதும் அவள் ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தரகர் கடையில் யாருக்கோ காசு கொடுத்து இவற்றைக் களவாக எடுத்திருக்கலாம். அஸீமுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம். துறையில் இறங்கிக் கடைக்கு நடக்கும் வரைக்கும் அந்த நம்பிக்கை தாக்குப்பிடித்தது.

அஸீம் வாசலில் இருந்து கமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் படத்தை மேசையில் வைத்தாள்.

அவன் பார்த்தான். முகத்தில் பயம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. சலிப்புத்தான் வந்தது.

"முஹம்மது தம்பிக்கு வாய் நீளம்" என்றான்.

அவ்வளவுதான். அவள் பிடித்திருந்தது கையை விட்டுப் போனது.

"நான் ஒவ்வொரு வீட்டிலயும் ஆணையிட்டுச் சொல்லியிருக்கன்."

"நீ சொன்னாய். நான் எங்கயாவது வாய் திறந்தனா?"

"அந்த முகமெல்லாம் என்னய நம்பிக் காட்டினது."

"என்ன குத்தம் செஞ்சிட்டன் இப்ப? பொண்ணக் கேக்க முன்னம் முகத்தப் பார்க்கலாமெண்டு மார்க்கத்திலயே கிடக்கு."

"அது அவள் அறிஞ்சு காட்டுறது. இது களவு."

"களவா? அதில எத்தின புள்ளைகளுக்கு விஷயம் சரிவந்திருக்கு தெரியுமா? நீ எடுத்த படத்தாலதான். சந்தோசப்பட வேணாமா நீ?"

அவள் இருட்டறையின் கதவைப் பார்த்தாள். முன்பெல்லாம் படம் கழுவும்போது அவளும் உள்ளே நிற்பாள். மருந்துத் தட்டை ஆட்டுவாள், ஈரப் படங்களைக் கயிற்றில் கொழுவுவாள். கொஞ்சக் காலமாக, கலியாணப் படம் பெரிதாக்கும் நாட்களில், "உனக்கு அந்த மருந்து மணம் தலையிடி தரும், நீ போய்ப் படு" என்று அவளை அனுப்பிவிடுவான். அவன் தன்மேல் இரக்கப்படுகிறான் என்று நினைத்திருந்தாள். பெரிதாக்கும் கருவிக்குப் பக்கத்தில் மூலைமட்டம் போல 'ட' வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு மட்டைகள் எப்போதும் கிடக்கும். ஒன்றை மேலும் மற்றதைக் கீழும் வைத்து நகர்த்தினால் நடுவில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் மிஞ்சும். ஒரு முகம் மட்டும்.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"தலைக்குத் தலை நாலு விரல் விடச் சொன்னீங்களே. அது ஏன்?"

அஸீம் துடைக்கும் துணியை மடித்தான்.

"நிழல் விழும் எண்டு சொன்னீங்க."

"நிழலும்தான்" என்றான். பிறகு, ஏதோ தொழில் விஷயம் கேட்டவளுக்கு விளக்கம் சொல்வது போல, "தலை முட்டிக்கொண்டு கிடந்தா வெட்ட ஏலாதே" என்றான்.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். எத்தனை வீட்டில் அந்தக் கை அந்த விரல்களை நிமிர்த்தியது.

"மற்றப் படமெல்லாம் எங்க?"

"முஹம்மது தம்பிட பையில கிடக்கும். அவர் கொடுத்த வீடுகள்ல கிடக்கும். எனக்கென்ன தெரியும்?" அவன் எழுந்தான். "இஞ்ச பாரு ஸல்ஹா. கலியாண வேலையெல்லாம் உன்ன நம்பித்தான் வருதெண்டு நினைச்சியா? அந்த மனுசன் வீட்டுக்கு வீடு எங்கட பேரச் சொல்லாட்டி நான் இண்டைக்கும் துறைமுக வாசல்ல நிண்டு துண்டு குடுத்துக்கொண்டிருப்பன். வியாழக்கிழமை தோப்பூர்ல பல்கீஸ் மாமிட மகள்ட கலியாணம். அதுவும் அவர் சொல்லி வந்ததுதான். முகத்த நீட்டாமப் போய்ப் படத்த எடு."

*

பல்கீஸ் மாமி பரீனாவின் சொந்த மாமி. பரீனா அங்கே இரண்டு நாளாக நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். ஸல்ஹாவைக் கண்டதும் மாக் கையோடு ஓடிவந்தாள்.

"என்னடி, காய்ச்சலா? முகம் செத்துப் போய்க் கிடக்கு."

ஸல்ஹா அவளைக் குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். தன்னைக் காப்பாற்ற ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எனக்குத் தெரியாது என்று ஒருமுறை சொன்னாள். அது அவளுடைய காதுக்கே பொய் போலக் கேட்டது. பிறகு படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பரீனா கையை உடுப்பில் துடைத்துவிட்டு வாங்கினாள். தன் முகத்தைத் தனியாகப் படத்தில் அவள் காண்பது அதுதான் முதல் தடவை. நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவாத்தான் எடுத்திருக்க" என்றாள்.

ஸல்ஹா அழத் தொடங்கினாள்.

"எந்தெந்த வீட்டில காட்டினாங்களாம்?"

"தெரியாது. எல்லா வீட்டிலயும் எண்டுதான் சொன்னார்."

"அப்ப போன மாசம் கடைத்தெருவில என்னப் பார்த்திட்டு ரெண்டு பேர் பல்லக் காட்டினானுகளே. அதுக்குத்தானாக்கும்." அவள் படத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள். "நான் வீட்டுக்குள்ள இருந்து மிளகாய் இடிச்சுக்கொண்டிருக்கன். என்னய ஊர் முழுக்கக் கொண்டு போய் இருத்தி, வேணாமெண்டு திருப்பி அனுப்பியிருக்கானுகள். எனக்குத் தெரியவும் தெரியாது."

"பரீனா, நான்..."

"நான் சிரிக்க மாட்டேனெண்டுதானே இருந்தன்" என்றாள் பரீனா. "நீதானேடி ஆடு எண்டு சொன்ன."

பரீனா படத்தை நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

குழுப்படத்துக்கு நேரம் வந்தது. இந்தமுறை கதவைச் சாத்திவிட்டுச் சொல்லும் கதையை ஸல்ஹா சொல்லவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை, எல்லாருக்கும் அது மனப்பாடம். பொண்ணு நடுவில் இருந்தாள். சின்னப் பெண்கள் பழக்கத்தில் ஓடிவந்து முன்பாயில் இருந்தார்கள். ஒருத்தி தானே விரலை நிமிர்த்தி அடுத்தவளின் காதுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தாள்.

"ராத்தா, சரியா? நாலு விரல் கிடக்கு."

"வேணாம்" என்றாள் ஸல்ஹா. "எல்லாரும் பின்னுக்குப் போங்க. தலையோட தலை ஒட்டிக்கொண்டு நில்லுங்க."

"என்ன ராத்தா, மாத்திச் சொல்றீங்க? நிழல் விழுமே!"

ஒருத்தியும் இடம் மாறவில்லை. அப்போது பரீனா வந்தாள். பின்னால் போகவில்லை. முன்பாயில், யன்னலுக்கு நேரே, நல்ல வெளிச்சத்தில் இருந்தாள். கமராவை நேராகப் பார்த்தாள். பிறகு தன் வெள்ளை முக்காட்டை நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் இழுத்து மூடினாள்.

பக்கத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டு, "என்னடி இது புது நாடகம்?" என்றாள். பரீனா அவளுடைய காதில் ஏதோ சொன்னாள். சிரிப்பு நின்றது. அவள் திரும்பி அடுத்தவளிடம் சொன்னாள். பாயின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அந்தக் கதை காது மாறிப் போவதை ஸல்ஹா கமராவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியும் கேட்டு முடித்ததும் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் வெள்ளை முக்காட்டை இழுத்து முகத்தை மூடினாள். கடைசியில் இருந்தவள் பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவளுக்குத்தான் போன வருடம் ஸல்ஹா நாடியைப் பிடித்துத் தலை சாய்த்து வைத்தாள். அவளும் மூடிக்கொண்டாள்.

"கலியாண வீட்டில இதென்ன மௌத்து வீடு மாதிரி!" என்று பல்கீஸ் மாமி பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"வெயில் கண்ணுக்குள்ள அடிக்குது மாமி" என்றாள் பரீனா முக்காட்டுக்குள்ளிருந்து. "எடுக்கச் சொல்லுங்க."

ஸல்ஹா எடுத்தாள்.

மற்ற நாட்களில் வேலை முடிந்தால் சுற்றியிருந்து சாப்பிடும் சகனில் அவளுக்கு இடம் பிடித்துவைத்துக் கையைப் பிடித்து இழுப்பார்கள். வழியில் தின்ன வட்டிலப்பம் பொதிந்து தருவார்கள். பஸ் வரும்வரை பரீனா கூட நிற்பாள். அன்று அவள் கமராவைப் பெட்டியில் வைக்கும்போது அறை காலியாகிவிட்டது. வாசல் படலையைத் தாண்டும்வரை ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆண்கள் பக்கத்தில் படம் எடுத்துவிட்டு அஸீம் வீதியில் காத்துக்கொண்டு நின்றான், வாயில் வெற்றிலையோடு.

"நல்லா வந்ததா?" என்று கேட்டான்.

"ஓம்" என்றாள்.

*

மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்கு அவன் போன நேரம் பார்த்து, ஸல்ஹா பிலிமை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். உள்கொண்டியைப் போட்டாள். இவ்வளவு காலத்தில் அந்தக் கொண்டியை அவள் போட்டது அதுதான் முதல் தடவை. மருந்து கலக்கும் அளவை அவள் கண்ணால் பார்த்தே பழகியிருந்தாள். சுருளைக் கழுவி, காயப்போட்டு, காத்திருந்து, பெரிதாக்கும் கருவியில் ஏற்றினாள். பக்கத்தில் கிடந்த இரண்டு கறுப்பு மட்டைகளையும் எடுத்து நாலாகக் கிழித்தாள்.

கடதாசியைத் தட்டில் இறக்கிய நேரம் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தள்ளுப்பட்டது.

"ஸல்ஹா? ஆரு உள்ளுக்கு? கதவத் திற."

"திறந்தா படம் பழுதாப் போகும்."

"நீ என்ன செய்ற அங்க? அது எண்ட வேலை. திற எண்டு சொல்றன்."

அவள் தட்டை மெல்ல ஆட்டினாள். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் யன்னல் கம்பிகள் வந்தன. பிறகு பின்வரிசையின் சேலைகள், பல்கீஸ் மாமியின் கோபம், பொண்ணின் நகைகள். எல்லாம் கறுத்துக் கறுத்து எழும்பி வந்தன. முன்வரிசை மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தலைக்கும் நடுவில் சரியாக நாலு விரல் இடைவெளி இருந்தது. வெள்ளை முக்காடுகளுக்குள் முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கடதாசி வெறும் கடதாசியாகவே கிடந்தது.

அவன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் தட்டை ஆட்டினாள், ஏதாவது வருமா என்று.